வடக்க டூர் கிளம்புறதுக்கு முன்னாடி எல்லாரும் கேக்குற கேள்விகள்

தமிழ்நாட்டுல இருந்து வட இந்தியா, இமயமலை, வடகிழக்குன்னு கிளம்புறவங்க திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விங்களுக்கு ஒரே இடத்துல பதில் இருக்கட்டும்னு எழுதினது. குடும்பத்தோட, சொந்தமா ப்ளான் பண்ணி போறவங்கள நெனச்சுத்தான் எழுதியிருக்கேன்.

பத்து நாள் லீவு இருக்கு. டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், காசி, மணாலி, அமிர்தசரஸ் எல்லாத்தையும் முடிச்சிடலாமா?

வேண்டாம். மேப்ல பாத்தா எல்லாம் பக்கம் பக்கமா தெரியும், ஆனா டெல்லியில இருந்து மணாலி 500 கிலோமீட்டருக்கு மேல, பஸ்ல ஒரு முழு ராத்திரி, மலை ரோடு வேற, போய் இறங்குற அன்னைக்கு யாருக்கும் நிக்கக்கூட தெம்பு இருக்காது. கன்னியாகுமரியில இருந்து திப்ருகர் போற விவேக் எக்ஸ்பிரஸ் 4,100 கிலோமீட்டருக்கு மேல ஓடுது, மூணு நாளுக்கு மேல ஆகும், நாடு அவ்ளோ பெருசு. அதனால ஒரு டூருக்கு ஒரு பகுதிதான். டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் மூணும் ஒண்ணுக்கொண்ணு நாலஞ்சு மணி நேரம், அது கூட காசியோ அமிர்தசரஸோ ஏதாவது ஒண்ணு சேக்கலாம், பத்து நாளுக்கு சரியா இருக்கும். மணாலி போகணும்னா ஹிமாச்சல் மட்டும். மத்தது அடுத்த வருஷம் போகலாம், அந்த ஊர் எங்கயும் ஓடிப்போயிடாது.

எந்த மாசம் எங்க போறது?

எல்லாரும் இடத்த முதல்ல முடிவு பண்றாங்க, மாசத்த அப்புறம் பாக்குறாங்க. மாத்திப் பண்ணுங்க. உங்களுக்கு லீவு எப்போன்னு பாத்துட்டு அந்த மாசத்துல எந்தப் பகுதி நல்லா இருக்கும்னு தேடுங்க, பாதி பிரச்சனை அங்கயே முடிஞ்சிடும்.

ராஜஸ்தான், குஜராத், டெல்லி, ஆக்ரா, காசி இதெல்லாம் அக்டோபர் கடைசியில இருந்து மார்ச் வரைக்கும். ஆனா டிசம்பர் பாதியில இருந்து ஜனவரி முடியுற வரைக்கும் கங்கைச் சமவெளி முழுக்க பனிமூட்டம் எறங்கும், எதுக்க நிக்கிற ஆள் தெரியாது, ட்ரெயின் எல்லாம் அஞ்சு மணி நேரம் பத்து மணி நேரம்னு லேட் ஆகும், காலை ஃப்ளைட் கேன்சல் ஆகும். அந்த சீசன்ல போனா ஒரு ட்ரெயின்ல இறங்கி உடனே இன்னொண்ணு புடிக்கிற மாதிரி மட்டும் டிக்கெட் போடாதீங்க. நவம்பர், பிப்ரவரி ரெண்டும் தங்கமான மாசம். கட்ச் பக்கம் வெள்ளை உப்பு பாலைவனம் பாக்கணும்னா மழைத் தண்ணி வத்தின பிறகுதான், டிசம்பர்ல இருந்து பிப்ரவரி.

ஹிமாச்சல், உத்தரகாண்ட் ரெண்டும் ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும், அப்புறம் செப்டம்பர் கடைசியில இருந்து நவம்பர். ஜூலை, ஆகஸ்ட் அந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம், நிலச்சரிவுல ரோடு மூடிட்டா நாள் கணக்குல மாட்டிக்குவீங்க. இதுல விதிவிலக்கு ஒண்ணு இருக்கு, உத்தரகாண்ட்ல பூக்கள் பள்ளத்தாக்கு ஜூலை ஆகஸ்ட்லதான் பூத்துக் குலுங்கும், அதுக்குப் போறவங்க ரெண்டு மூணு நாள் கூடுதலா கையில வெச்சுக்கிட்டுத்தான் போகணும். லடாக் மழை மறைவுப் பகுதி, அதனால ஜூன்ல இருந்து செப்டம்பர் அங்க நல்லா இருக்கும். காஷ்மீர்ல டூலிப் தோட்டம் மார்ச் கடைசி, ஏப்ரல்ல மட்டும்தான். கஞ்சன்ஜங்கா சிகரத்த தெளிவா பாக்கணும்னா டார்ஜிலிங்க்கு அக்டோபர், நவம்பர்ல போங்க. கன்ஹா, பாந்தவ்கர் மாதிரி புலிக் காடுகள் மழைக்காலத்துல, ஜூலையில இருந்து செப்டம்பர் வரைக்கும் உள்பகுதிய மூடிடுவாங்க.

பசங்களுக்கு மே மாசம்தான் லீவு, வேற வழியே இல்ல. என்ன பண்றது?

அப்போ மலைக்குப் போங்க. மே மாசம் ராஜஸ்தான்ல 45 டிகிரி தாண்டும், தாஜ்மஹால் பளிங்குத் தரையில வெறுங்கால் வெக்க முடியாது, அந்த வெயில்ல குழந்தைங்கள நடக்க வெக்கிறது பாவம். சிம்லா, மணாலி, நைனிடால்ல மே மாசம் பாதி நாடே வந்து நிக்கும், சிம்லா உள்ள நுழையவே டிராஃபிக்ல ரெண்டு மணி நேரம் போகும், அதனால கொஞ்சம் தள்ளி இருக்குற ஊருங்கள பாருங்க. ஹிமாச்சல்ல தீர்த்தன் பள்ளத்தாக்கு, உத்தரகாண்ட்ல முன்சியாரி, கௌசானி மாதிரி. ஆறு, பைன் மரம், அமைதி எல்லாம் கிடைக்கும்.

ட்ரெயின் டிக்கெட் எப்போ போடணும்?

2024 நவம்பர்ல இருந்து 60 நாளுக்கு முன்னாடிதான் புக்கிங் ஓப்பன் ஆகுது, முன்னாடி 120 நாளா இருந்துச்சு, பழைய கணக்குல இருக்காதீங்க. அந்த 60 நாள் ட்ரெயின் கிளம்புற ஸ்டேஷன் தேதிய வெச்சு கணக்கு, நீங்க நடுவுல ஏறுற தேதி இல்ல. ரெண்டு நாள் ஓடுற ட்ரெயின்ல நடுவுல ஏறினா இது பெரிய வித்தியாசம். தட்கல் அதே மாதிரி கிளம்புற நாளுக்கு முந்தின நாள், ஏசிக்கு காலைல 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. 2025 ஜூலையில இருந்து ஆதார் சரிபார்த்த அக்கவுண்ட்லதான் ஆன்லைன்ல தட்கல் போட முடியும், அத முன்னாடியே முடிச்சு வெச்சிடுங்க. கன்ஃபர்ம் ஆன தட்கல கேன்சல் பண்ணா காசு திரும்ப வராது.

தீபாவளி, சட் பூஜை, ஹோலி சமயத்துல பீகார், உ.பி. பக்கம் போற ட்ரெயின்ல கால் வெக்க இடம் இருக்காது, ரிசர்வ் கோச்லயும் கூட்டம் ஏறும். அந்த வாரத்த தவிர்த்துடுங்க.

வெயிட்டிங் லிஸ்ட், ஆர்ஏசி ரெண்டும் ஒண்ணா?

இல்ல. ஆர்ஏசின்னா ஏறலாம், ஆனா சைடு லோயர் பெர்த்த ரெண்டு பேர் பாதி பாதியா பகிர்ந்துக்கணும். ராத்திரி அந்த சைடு சீட்ல முன்பின் தெரியாத ஒருத்தரோட எதிரும் புதிருமா கால மடக்கி உக்காந்து, அவர் கால் நம்ம இடுப்புல, நம்ம கால் அவர் தோள்லன்னு, டிக்கெட் பரிசோதகர் (டிடிஇ) வர்ற திசையையே பாத்துட்டு இருக்கணும். டிடிஇ கிட்ட பொறுமையா போய் கேளுங்க, வராதவங்க பெர்த் இருந்தா ஆர்ஏசி ஆளுங்களுக்குத்தான் முதல்ல கொடுப்பாங்க. ஆன்லைன் டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் முழுக்க வெயிட்டிங்ல இருந்தா தானாவே கேன்சல் ஆகி பணம் வந்துடும், அதுல ஏறக்கூடாது. வெயிட்டிங்லயும் ஜெனரல் கோட்டா வெயிட்டிங் தான் சீக்கிரம் நகரும், நடு ஸ்டேஷன்களுக்கான ரிமோட் கோட்டா, பூல்டு கோட்டா வெயிட்டிங் எல்லாம் பத்துக்குள்ள இருந்தாலும் நம்பிட்டு இருக்காதீங்க.

அப்பா அம்மாவ கூட்டிட்டுப் போறோம், எதையெல்லாம் பாக்கணும்?

ஆம்பளைங்க 60 வயசு, பொம்பளைங்க 45 வயசு தாண்டியிருந்தா லோயர் பெர்த் கோட்டா இருக்கு, ஆனா அந்த டிக்கெட்ல ரெண்டு பேருக்கு மேல இருக்கக்கூடாது, அதனால அவங்க டிக்கெட்ட தனியா போடுங்க. மூத்த குடிமக்கள் கட்டண சலுகை 2020 மார்ச்சுல நிறுத்தினது, அத எதிர்பார்க்க வேண்டாம். பெரிய ஸ்டேஷன்ல ரிட்டயரிங் ரூம் இருக்கும், பிஎன்ஆர் நம்பர் போட்டு ஐஆர்சிடிசியிலயே புக் பண்ணலாம், நடுவுல ஆறு மணி நேரம் காத்திருக்கணும்னா அவங்க குளிச்சு படுக்க அத விட நல்ல ஏற்பாடு கிடையாது.

ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம் போதும். மதியம் ரூமுக்கு வந்து ரெண்டு மணி நேரம் படுக்கட்டும். கேதார்நாத் 3,500 மீட்டருக்கு மேல இருக்கு, கௌரிகுண்ட்ல இருந்து 16 கிலோமீட்டருக்குக் குறையாம ஏத்தம், இதய நோய், மூச்சுப் பிரச்சனை இருந்தா டாக்டர் சொல்லாம கூட்டிட்டுப் போகாதீங்க. கேதார்நாத்தும் சேந்த நாலு கோயில் யாத்திரைதான் சார் தாம், அதுக்கு முன்பதிவு கட்டாயம், அது வேற.

காசிக்குப் போறோம். எங்க தங்குறது, எப்படிப் பாக்குறது?

முதல்ல எந்த ஸ்டேஷன்ல இறங்குறீங்கன்னு பாருங்க. ஊருக்குள்ளயே வாரணாசி ஜங்ஷன், பனாரஸ்னு ஒண்ணுக்கு மேல இருக்கு, சில ட்ரெயின் பழைய முகல்சராய், இப்போ தீன் தயாள் உபாத்யாயா, அந்த ஸ்டேஷனோட போயிடும், அங்க இருந்து ஊருக்கு ஒரு மணி நேரம் ஆட்டோவுல வரணும். கோதௌலியா பக்கம் நகரத்தார் சத்திரம் இருக்கு, கங்கைப் படித்துறைய அங்க காட்னு சொல்வாங்க, கேதார் காட், ஹனுமான் காட் பக்கம் தமிழ் பேசுறவங்க, மடங்கள், இட்லி கடைன்னு எல்லாம் இருக்கு, பெரியவங்க கூட போனா அந்தப் பக்கமே தங்குங்க. சந்து ரொம்பக் குறுகல், கார் உள்ள வராது, பெட்டிய கையில தூக்கிட்டு நடக்கணும், சக்கரம் வெச்ச பெரிய சூட்கேஸ் அங்க சுமைதான்.

விஸ்வநாதர் கோயிலுக்குள்ள போன் கூடாது, ரூம்லயே வெச்சிட்டுப் போனா லாக்கர் வரிசை மிச்சம். அயோத்தி ராமர் கோயில், பூரி ஜகந்நாதர் கோயில்லயும் அதே கதைதான். பிணம் எரிக்கிற மணிகர்ணிகா காட்ல போட்டோ எடுக்காதீங்க, எரியுறது யாரோ ஒருத்தரோட அப்பா அம்மா. அங்க நின்னா யாராவது வந்து விறகுக்கு காசு கொடுங்கன்னு கேப்பாங்க, கையெடுத்துக் கும்பிட்டு நகந்து வந்துடுங்க.

சாயங்காலம் தசாஸ்வமேத காட் ஆரத்தி எல்லாரும் பாக்குறதுதான். என்னைக் கேட்டா காலைல சூரியன் வர்றதுக்கு முன்னாடி அசி காட்ல படகு ஏறுங்க. எதிர் கரை வெறும் மணல் திட்டு, அங்க இருந்து வெளிச்சம் வந்து படிக்கட்டு ஒவ்வொண்ணா செவக்கும், குளிக்கிறவங்க, துணி துவைக்கிறவங்க, மந்திரம் சொல்றவங்கன்னு கரை முழுக்க விழிச்சுக்கும். இதுக்காகவே ஒரு ராத்திரி கூடத் தங்கலாம். படகு வாடகைய ஏறுறதுக்கு முன்னாடியே பேசிடுங்க, ஆளுக்கா படகுக்கான்னும் கேட்டுடுங்க. ஆகஸ்ட், செப்டம்பர்ல கங்கை ஏறி வந்தா படிக்கட்டெல்லாம் முங்கிடும், படகையும் நிறுத்திடுவாங்க.

லே லடாக்குக்கு ஃப்ளைட்ல போகலாமா, ரோட்டுலயா?

லே ஊரே 3,500 மீட்டர் உயரம். ஃப்ளைட்ல போனா ஒன்றரை மணி நேரத்துல உடம்பு டெல்லியில இருந்து அங்க போய் நிக்குது, அது பழகவே ரெண்டு நாள் வேணும். முதல் நாள் இறங்கினதும் வெயில் பளீர்னு இருக்கும், ஒண்ணும் தெரியாது, நல்லாத்தான் இருக்கேனேன்னு கடைத்தெருவுக்குக் கிளம்புவாங்க, சாயங்காலம் ரூம் மாடிப்படி பத்து ஏறினதும் மூச்சு வாங்கும், ராத்திரி தலைய பிளக்கும். முதல் ரெண்டு நாள் லேவ விட்டு எங்கயும் போகாம, தண்ணி நெறைய குடிச்சு, சரக்கு தொடாம, சும்மா இருங்க. பாங்காங் ஏரி 4,200 மீட்டருக்கு மேல, அதனால அது கடைசியில. மாத்திரை வேணுமான்னு ஊர்ல இருந்து கிளம்புறதுக்கு முன்னாடி டாக்டர் கிட்ட கேளுங்க. தலைவலியோட வாந்தி, தடுமாற்றம், உக்காந்திருந்தாலே மூச்சுத் திணறல்னு வந்தா காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரி, உடனே கீழ எறங்கணும். உயிர் போற விஷயம்.

ரோட்டுல போறதா இருந்தா ஸ்ரீநகர், கார்கில் வழி உடம்புக்கு நல்லது, மெல்ல மெல்ல ஏறும். மணாலி வழியில அடல் டனல் 2020ல வந்த பிறகு ரோதாங் கணவாய் ஏற வேண்டாம், ஆனா அதுக்கப்புறம் உயரம் வேகமா ஏறும். லேவுல இருந்து திரும்புற ஃப்ளைட்டுக்கும் அங்கிருந்து ஊருக்கு வர்ற அடுத்த ஃப்ளைட்டுக்கும் நடுவுல ஒரு நாள் விடுங்க, வானிலை சரியில்லன்னா லே ஃப்ளைட்ட கேன்சல் பண்ணிடுவாங்க.

வடகிழக்குக்கு பர்மிட் வேணுமாமே?

அருணாச்சல், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் நாலுக்கும் வெளி மாநிலத்துக்காரங்க உள்ள நுழைய இன்னர் லைன் பர்மிட் வேணும், ஆன்லைன்ல எடுத்துடலாம். அஸ்ஸாம், மேகாலயா, திரிபுராவுக்கு வேண்டாம். மணிப்பூர்ல 2023 மே மாசம் ஆரம்பிச்ச கலவரத்துக்கு அப்புறம் நிலவரம் பாக்காம டிக்கெட் போடாதீங்க. சிக்கிம் போக பர்மிட் இல்ல, ஆனா நாதுலா கணவாய், குருடோங்மர் ஏரிக்கெல்லாம் தனியா வேணும், கேங்டாக்ல டிராவல்ஸ்காரங்களே எடுத்துத் தருவாங்க, வோட்டர் ஐடியும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் கையில இருக்கட்டும். நாதுலா திங்கள், செவ்வாய் லீவு. நார்த் சிக்கிம் ரோடு 2023 அக்டோபர் தீஸ்தா வெள்ளத்துக்கு அப்புறம் அடிக்கடி மூடுறாங்க, போறதுக்கு முன்னாடி விசாரிச்சுக்கோங்க.

முதல் தடவை போறவங்களுக்கு நான் சொல்றது கௌஹாத்தியில இறங்கி ஷில்லாங், சோரா (நம்ம சிரபுஞ்சிதான்), டவ்கி, முடிஞ்சா காசிரங்கா. டவ்கியில உம்ங்கோட் ஆத்துல படகு காத்துல மெதக்குற மாதிரி போட்டோ பாத்திருப்பீங்க, அது நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும்தான், மழையில ஆறு கலங்கி ஓடும். நோங்ரியாட் வேர்ப்பாலத்துக்கு 3,000 படிக்கு மேல இறங்கி ஏறணும், முட்டிவலி இருக்குறவங்க ரிவாய் கிராமத்துப் பாலத்தப் பாத்தா போதும்.

இன்னொரு விஷயம். நாடு முழுக்க ஒரே நேரம்ங்கறதால அங்க சூரியன் ரொம்ப சீக்கிரம். டிசம்பர்ல நாலரைக்கே பொழுது சாஞ்சிடும், அஞ்சு மணிக்கு நல்ல இருட்டு, கடையெல்லாம் சாத்த ஆரம்பிச்சிடுவாங்க. பத்து மணிக்கு டிஃபன் முடிச்சுக் கிளம்புற பழக்கம் அங்க உதவாது, ஆறு மணிக்கு வண்டியில இருக்கணும். ஞாயித்துக்கிழமை மேகாலயா, மிசோரம், நாகாலாந்துல கடை பெரும்பாலும் இருக்காது.

போனு, பணம்?

வெளி மாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீர்லயும் லடாக்லயும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு மட்டும்தான். குழுவுல ஒருத்தராவது போஸ்ட்பெய்டு வெச்சிருங்க. யுபிஐ டீக்கடை வரைக்கும் ஓடுது, ஆனா மலையில டவர் போயிட்டா ஒண்ணும் பண்ண முடியாது, ஆளுக்குக் கொஞ்சமா பணத்த பிரிச்சு வெச்சுக்கோங்க. மேப்ப ஆஃப்லைன்ல இறக்கிடுங்க.

சாப்பாடு ஒத்துக்குமா? சோறு கிடைக்குமா?

வங்காளம், ஒடிசா, அஸ்ஸாம்ல சோறுதான் மெயின், கவலையே இல்ல. பஞ்சாப், ராஜஸ்தான், உ.பி.ல ரொட்டிதான் நல்லா இருக்கும், அத சாப்பிடுங்க, ராஜ்மாவும் சோறும் எல்லா தாபாவுலயும் கிடைக்கும். கிழக்க கடுகு எண்ணெய் வாசம் சிலருக்குப் புடிக்காது, ரெண்டு நாள்ல பழகிடும். அமிர்தசரஸ் பொற்கோயில்ல லங்கர்ங்கற இலவச சாப்பாடு இருபத்துநாலு மணி நேரமும் நடக்குது, யாரு வேணா உக்காந்து சாப்பிடலாம், தலைய மூடிக்கணும், ரொட்டிய ரெண்டு கையையும் ஏந்தி வாங்கணும், முடிஞ்சா கொஞ்ச நேரம் பாத்திரம் கழுவிக் கொடுத்துட்டு வாங்க. வடகிழக்குல பன்றி, மாடு சகஜம், சைவம்னா முன்னாடியே தெளிவா சொல்லிடுங்க. குஜராத், பீகார், நாகாலாந்து, மிசோரம்ல மதுவிலக்கு.

குளிருக்கு என்ன துணி?

ஒரு பெரிய கோட்டு வேண்டாம். உள்ள தெர்மல், நடுவுல ஸ்வெட்டர், மேல காத்து புகாத ஜாக்கெட், அவ்ளோதான், வெயில் வந்தா ஒண்ணொண்ணா கழட்டலாம். பனி விளையாடுற இடத்துல பூட்ஸ், கோட்டு வாடகைக்குக் கிடைக்கும், அதுக்குன்னு வாங்காதீங்க. டெல்லி, காசி ஜனவரி குளிர நம்ம ஆளுங்க சாதாரணமா நெனச்சுடுவாங்க. ரூம்ல ஹீட்டர் இருக்காது, சுவரே சில்லுனு இருக்கும். ரூம் போடும்போதே கீசர் இருக்கா, ஹீட்டர் தருவாங்களான்னு கேட்டுடுங்க. காதும் காலும் மூடியிருந்தா பாதி குளிர் போயிடும்.

ஹிந்தி தெரியாதே?

பரவாயில்ல. எண்ணு, வலது இடது, தண்ணி, எவ்ளோன்னு ஒரு இருவது வார்த்தை கத்துக்கோங்க, மொழிபெயர்ப்பு ஆப்ப ஆஃப்லைன்ல வெச்சுக்கோங்க. ஹோட்டல் பேர ஹிந்தியில எழுதின ஸ்க்ரீன்ஷாட் ஒண்ணு போன்ல இருந்தா எந்த ஆட்டோக்காரரும் கொண்டு போய் விட்டுடுவாரு.

ஏமாத்துவாங்களா?

பெரும்பாலானவங்க நல்லவங்கதான், ஸ்டேஷன் வாசல்லதான் கவனமா இருக்கணும். உங்க ஹோட்டல் மூடிட்டாங்க, வேற நல்லது காட்டுறேன்னு சொன்னா ஹோட்டலுக்கே போன் போட்டுக் கேளுங்க. ப்ரீபெய்டு டாக்ஸி கவுண்டர் இருந்தா அங்க போங்க. ஆட்டோக்காரர் பட்டுக் கடை, மார்பிள் கடைன்னு கூட்டிட்டுப் போனா உங்க பில்லுல அவருக்கு கமிஷன் இருக்கு. கோவாவுல ஓலா, ஊபர் கிடையாது, லடாக்ல வெளி வாடகை பைக்க உள்ளூர் யூனியன் விட மாட்டாங்க, ரெண்டுக்கும் முன்னாடியே பட்ஜெட் போட்டுடுங்க.

எந்த இடம் எந்த நாள் லீவு?

தாஜ்மஹால் வெள்ளி. செங்கோட்டை, டெல்லி அக்ஷர்தாம் திங்கள். அஜந்தா திங்கள், எல்லோரா செவ்வாய், ரெண்டுக்கும் சேத்து அவுரங்காபாத்ல (இப்போ சத்ரபதி சம்பாஜிநகர்) ரூம் போடுறவங்க இத பாத்துத்தான் போடணும்.

பொண்ணுங்க தனியாப் போகலாமா?

போகலாம், நெறைய பேர் போறாங்க. புது ஊருக்குப் பகல்ல போய் இறங்குற மாதிரி டிக்கெட் போடுங்க, இதான் முக்கியம். முதல் ராத்திரி ரூம் மட்டுமாவது கொஞ்சம் கூடக் கொடுத்து நல்ல ஏரியாவுல எடுங்க. ட்ரெயின்ல அப்பர் பெர்த் வசதி. போன்ல 112, ரயிலுக்கு 139 ரெண்டும் இருக்கட்டும்.

இலங்கை, மலேசியாவுல இருந்து சொந்தக்காரங்க கூட வர்றாங்க, அவங்களுக்கு வேற ரூல்ஸா?

ஆமா. இ-விசாவ அரசாங்க சைட்ல மட்டும் போடச் சொல்லுங்க, அதே மாதிரி பேர்ல நெறைய ஏஜென்ட் சைட் அதிகக் காசு புடுங்கும். தாஜ்மஹால்ல நமக்கு 50 ரூபாய், இலங்கை மாதிரி சார்க் நாட்டுக்காரங்களுக்கு 540, மத்த வெளிநாட்டுக்காரங்களுக்கு 1,100, கல்லறை மேடைக்கு எல்லாருக்கும் தனியா 200. நாதுலாவுக்கு அவங்கள விட மாட்டாங்க, அருணாச்சலுக்கு வேற வகை பர்மிட், அது நேரம் எடுக்கும். சாட்டிலைட் போன் எந்த வடிவத்துலயும் கொண்டு வரக்கூடாது, மலையேறுறவங்க வெச்சிருக்குற சின்ன கருவி கூட இதுல சேரும், ஏர்போர்ட்லயே புடிச்சு கேஸ் போட்டுடுவாங்க.

பேக்கேஜ் டூரா, சொந்தமாவா?

காசி, ராஜஸ்தான், டெல்லி, அமிர்தசரஸ் எல்லாம் சொந்தமாவே போகலாம், ட்ரெயினும் ரூமும் போட்டாச்சுன்னா மிச்சம் அங்க போய் பாத்துக்கலாம். சிக்கிம், லடாக், அருணாச்சலுக்கு உள்ளூர் டிரைவர் கண்டிப்பா வேணும், அங்க ரோடு தெரிஞ்ச ஆள்தான் பாதுகாப்பு. பேக்கேஜ் எடுத்தா பேப்பர்ல பாருங்க, ஒரு நாள்ல எத்தன மணி நேரம் வண்டியில, ரூம் ஊருக்குள்ளயா வெளியவா, நுழைவுக் கட்டணம் யார் கட்டுறது, ரோடு மூடினா மாத்து ஏற்பாடு என்னன்னு நாலையும் எழுதி வாங்கிட்டு அட்வான்ஸ் கொடுங்க.